காவ் யாயில் எங்கே, எப்போது சாப்பிடுவது: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாங்காக்கிலிருந்து வடகிழக்கே மூன்று மணி நேரப் பயணம். காடு, பால் பண்ணை, திராட்சைத் தோட்டம், சோளக் கொல்லை என்று பச்சைப் பசேலென விரிந்து கிடக்கும் காவ் யாய் வட்டாரத்தில் உணவகங்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் பலர் இரவில் விடுதி அறையில் உட்கார்ந்து கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கடைகள் நாற்பது கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல, நேரத்தோடு அடுப்பை அணைத்துவிடுகின்றன. ஆகவே எந்த உணவகம் சிறந்தது என்று தேடுவதற்கு முன்பு, எந்த வேளையில் எந்தச் சாலையில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அதற்கு உதவும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: மூன்று சாலைகளைத் தெரிந்துகொள்வது

சராபுரியிலிருந்து முவாக் லெக் வழியாகப் பாக் சோங் நகரத்துக்கும், அதையும் தாண்டிக் கோராட்டுக்கும் போவது மித்ரபாப் நெடுஞ்சாலை. பாங்காக்கிலிருந்து காரிலோ வேனிலோ வருகிறவர்களில் பலரும் இதில்தான் வருவார்கள். பாக் சோங் நகருக்குச் சற்று முன்பு வலது கைப்பக்கம் திரும்புவது தனரத் சாலை. அது நேரே தேசியப் பூங்காவின் வடக்கு வாசலில் போய் முடிகிறது. மூன்றாவது, தனரத் சாலையிலிருந்து மேற்கே பிரிந்து முவாக் லெக் பக்கம் குன்றுகளுக்கு இடையே வளைந்து போகும் உட்சாலை. திராட்சைத் தோட்டங்கள் இருப்பது அந்தப் பக்கம்.

இங்கே முகவரியைக் கிலோமீட்டர் கல்லை வைத்துத்தான் சொல்வார்கள். தனரத் சாலையில் பதினேழாவது கிலோமீட்டர் என்றால், நெடுஞ்சாலைத் திருப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று பொருள். பூங்கா வாசல் இருபத்து மூன்றாவது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. உணவகத்தின் பெயரைவிட இந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக் கடைகளுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மித்ரபாப் நடுவில் தடுப்பு போட்ட அகலச் சாலை. கடை எதிர்ப்புறம் இருந்தால் திரும்பும் இடம் வரை பல கிலோமீட்டர் போய்த்தான் வர வேண்டும். போகும்போது சாப்பிட வேண்டிய கடை எது, திரும்பும்போது எது என்று வரைபடத்தில் பார்த்துப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது: தங்கும் இடத்தை வயிற்றை வைத்துத் தேர்ந்தெடுப்பது

சொந்த வண்டி இல்லாதவர்கள் பாக் சோங் நகரத்திலேயே தங்குங்கள். ரயில் நிலையம், காலைச் சந்தை, இரவுச் சந்தை, நூடுல்ஸ் கடைகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். நகரத்திலிருந்து பூங்கா வாசல் வரை சொங்தேவ் என்னும் பகிர்வு வண்டிகள் ஓடுகின்றன. பின்புறம் இரண்டு பக்கமும் பலகை போட்ட சிறிய லாரி அது. காலையில் போக அது போதும். மாலையில் அதை நம்பி உணவகம் தேடிக் கிளம்ப முடியாது. செயலி வழியாக வாடகைக் கார் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இரவில் கைகொடுப்பது அரிது.

வண்டி இருந்தால் தனரத் சாலையின் நடுப்பகுதியில் தங்குவதுதான் என் முதல் பரிந்துரை. இரண்டு பக்கமும் உணவகங்கள் இருக்கும், பூங்காவும் பக்கம். தாய்லாந்தில் நம் நாட்டைப் போலவே இடது புறம்தான் ஓட்டுவார்கள் என்பதால் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது நம்மவர்களுக்குச் சிரமமாக இருக்காது. பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஓட்டுநரோடு ஒரு நாள் வாடகைக்கு வண்டி பிடித்தாலும் நான்கு பேராகச் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

திராட்சைப் பள்ளத்தாக்கின் உள்ளே தங்குவது அழகு. ஆனால் அங்கே தங்கினால் இரவு உணவு பெரும்பாலும் விடுதியிலேயேதான். அந்த விலைக்குத் தயாராக இருந்தால் மட்டும் அங்கே அறை போடுங்கள்.

வரும் வழியிலேயே சாப்பிடத் தொடங்குங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான். ஊர் போய்ச் சேர்ந்து அறையில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நெடுஞ்சாலையை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கே உரிய பல பொருள்கள் அந்தச் சாலையோரத்தில்தான் விற்கின்றன.

முவாக் லெக்கில் தாய்லாந்து–டென்மார்க் பால் பண்ணை 1962-இல் தொடங்கப்பட்டது. தாய்லாந்து மன்னர் பூமிபோலும் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் பிரடெரிக்கும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். தாய்லாந்தில் பால் தொழில் வேரூன்றியது இங்கிருந்துதான். அதனால்தான் இந்தச் சாலையில் பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் இவ்வளவு நன்றாகக் கிடைக்கின்றன. நெடுஞ்சாலையின் 144-ஆவது கிலோமீட்டர் அருகே டெய்ரி ஹோம் இருக்கிறது. இயற்கை முறையில் வளர்த்த மாடுகளின் பால், தயிர், ஐஸ்கிரீம் விற்கிறார்கள்; உள்ளே உட்கார்ந்து சாப்பிடவும் இடம் உண்டு. தாய் உணவில் தயிருக்கு இடமே இல்லை என்பதால், தயிரில்லாமல் சாப்பாடு இறங்காதவர்கள் இங்கே இரண்டு டப்பா வாங்கி விடுதிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

155-ஆவது கிலோமீட்டரில் ராய் சுவான். கசேத்சார்ட் பல்கலைக்கழகத்தின் சோள ஆராய்ச்சி நிலையம் இது. தாய்லாந்தின் பெயர்பெற்ற சுவான் மக்காச்சோள ரகங்கள் இங்கே உருவானவை. ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளியே கடை போட்டு அவித்த இனிப்புச் சோளமும் சோளப் பாலும் விற்கிறார்கள். ஆவி பறக்கும் கதிரை மடலோடு எடுத்துத் தருவார்கள். மடலை உரித்ததும் மணிகள் பளபளவென்று வரிசை கட்டி நிற்கும். கடித்தால் பால் தெறிக்கும். உப்பு, மிளகாய்த் தூள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். சோளப் பால் குளிரக் குளிர நன்றாக இருக்கும். இனிப்பு சற்றுத் தூக்கல்.

இன்னும் நான்கு கிலோமீட்டர் தள்ளி, 159-இல், சோக்சாய் பண்ணை. பண்ணைச் சுற்றுலா, மாட்டிறைச்சி ஸ்டேக், சொந்தப் பால் ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்குப் பேர்போனது. பிள்ளைகளோடு போனால் அரை நாள் எளிதாக ஓடிவிடும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் ஐஸ்கிரீமுக்காக நிறுத்தலாம்.

காலை: சந்தைதான்

பாக் சோங்கில் தங்குகிறவர்கள் விடுதியின் காலை உணவுக்குக் காசு கட்டாதீர்கள். விடிந்ததும் சந்தைப் பக்கம் நடந்து போனால் அரிசிக் கஞ்சி, நூடுல்ஸ் சூப், வறுத்த மாவுத் துண்டுகளான பா தொங் கோ, சூடான சோயாப் பால் எல்லாம் கிடைக்கும். பா தொங் கோவைச் சோயாப் பாலில் தோய்த்துச் சாப்பிடுவது தாய்லாந்துக்காரர்களின் அன்றாட வழக்கம். கஞ்சியில் பன்றி இறைச்சி உருண்டை போடுவார்கள் என்பதால் வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காவ் கேங் கடைகளையும் பழகிக்கொள்ளுங்கள். தட்டு தட்டாகக் குழம்பும் பொரியலும் வைத்திருப்பார்கள். சோற்றைப் போட்டு, நீங்கள் விரல் நீட்டிக் காட்டுவதை அதன் மேல் ஊற்றித் தருவார்கள். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. மதியத்துக்குள் தட்டுகள் காலியாகிவிடும். பிறகு போய் பயனில்லை.

காட்டுக்குள் போகும் நாள்

காவ் யாய் தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. 1962 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காட்டுத் தொகுதியின் பகுதி. நான்கு மாகாணங்களில் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த காட்டில் யானையும் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கும் இருவாச்சியும் வாழ்கின்றன. இங்கே உணவு என்பது பார்வையாளர் மையத்தின் அருகிலும் முகாம் இடங்களிலும் இருக்கும் எளிய கடைகள் மட்டுமே. வறுத்த சோறு, துளசியிலையோடு வதக்கிய இறைச்சியும் சோறும், நூடுல்ஸ், முட்டைப் பொரியல். சுவையில் குறை சொல்ல முடியாது. பெரிதாகப் புகழவும் ஒன்றும் இல்லை. நடந்து களைத்து வருகிறவனுக்கு அது போதும்.

இங்கே நேரத்தைக் கவனிக்க வேண்டும். வாசலிலிருந்து பார்வையாளர் மையம் வரையே ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் மலைப்பாதை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலை மூடுவார்கள். அந்தி வேளையில் யானைகள் சாலைக்கு வரும். அருவியைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று மதிய உணவைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளேயே முகாம் போட்டுத் தங்குகிறவர்கள் கடை மூடுவதற்கு முன்பு, வெளிச்சம் இருக்கும்போதே இரவு உணவை முடித்துவிட வேண்டும். பழம், கடலை, ரொட்டி போன்றவற்றை மூடி இறுகிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பையை மேசையில் விட்டு நகர்ந்தால் குரங்கு தூக்கிப் போய்விடும். பூங்காவுக்குள் மது கூடாது. தெர்மோகோல் டப்பாவும் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் கூடாது.

குப்பை விஷயத்தில் இங்கே கண்டிப்பு அதிகம். 2020-இல் முகாமிட்ட சிலர் விட்டுப்போன குப்பையை அட்டைப் பெட்டியில் கட்டி, அவர்கள் வீட்டு முகவரிக்கே தபாலில் அனுப்பி வைத்தார்கள். அமைச்சரே அதை அறிவித்தார். மான்கள் உப்புச் சுவைக்காகப் பிளாஸ்டிக் பையையும் சேர்த்து மென்றுவிடுகின்றன. மிச்சச் சாப்பாட்டை அவற்றுக்குப் போடுவதும் தவறு. முகாம் இடத்தில் கடமான் வந்து முகத்துக்கு எதிரே நின்றால் கை தானாக நீளும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மதியம்: ஈசான் சாப்பாடு

காவ் யாய் போய் ஒரே ஒரு வேளைதான் வெளியே சாப்பிட முடியும் என்றால், அது ஈசான் சாப்பாடாக இருக்கட்டும். கோராட் மாகாணம் தாய்லாந்தின் வடகிழக்கான ஈசானின் வாசல். இங்கே இத்தாலியக் கிராமம் போலவும் ஐரோப்பியக் கோட்டை போலவும் கட்டி வைத்த இடங்கள் நிறைய உண்டு. படம் எடுக்க அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே கிடைக்கும் பாஸ்தாவைப் பாங்காக்கிலேயே சாப்பிடலாம். இந்த மண்ணின் சாப்பாடு வேறு.

சொம் தாம், கை யாங், லாப், காவ் நியாவ் என்ற நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: பப்பாளிக்காய் இடிசாலட், தணலில் வாட்டிய கோழி, எலுமிச்சையும் வறுத்த அரிசித் தூளும் புதினாவும் போட்டுப் பிசறிய கொத்திறைச்சி, ஒட்டரிசிச் சோறு. சோறு சிறிய மூங்கில் கூடையில் வரும். கையால் ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களுக்கு இடையே உருட்டி, லாப்பிலோ காரச் சாற்றிலோ தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டியைத் தேடாதீர்கள். கூடையைத் திறந்து எடுத்தவுடன் மூடிவிடுங்கள்; காற்றுப் பட்டால் சோறு விறைத்துப்போகும்.

சொம் தாம் செய்யும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஆழமான மண் உரலில் பூண்டும் மிளகாயும் முதலில் போகும். மரவுலக்கை இரண்டு தட்டுத் தட்டியதும் கடைக்கார அம்மா நிமிர்ந்து, மிளகாயைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை என்று கேட்பார். விரலை நீட்டுங்கள். காரத்துக்குப் பழகிய நாக்கானாலும் முதல் முறை இரண்டு விரல் போதும். அந்தச் சின்ன மிளகாயின் காரம் வேறு மாதிரி. பச்சையாக நசுக்கிப் போடுவதால் உடனே ஏறும். பிறகு பனைவெல்லம், எலுமிச்சை, தக்காளி, காராமணிக்காய், கடைசியில் சீவிய பப்பாளி. ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி; இடிப்பதும் புரட்டுவதும் ஒன்றாக நடக்கும்.

ப்லா ரா எனப்படும் புளித்த மீன் சாறு ஊற்றியதுதான் ஈசான்காரர்களுக்குப் பிடித்தது. மணம் தூக்கலாக இருக்கும். புதியவர்கள் சொம் தாம் தாய் என்று கேட்டால் கடலையும் உலர்ந்த இறாலும் போட்டு, ப்லா ரா இல்லாமல் தருவார்கள். லாப் கேட்கும்போது சுக் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சமைத்தது வேண்டும் என்று அர்த்தம். பச்சை இறைச்சியில் செய்யும் லாப்பும் இந்தப் பக்கம் உண்டு. அதைத் தவிர்ப்பது உடம்புக்கு நல்லது. உங்களோடு கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தனரத் சாலையில் இருக்கும் பென் லாவ் என்ற உணவகம் ஈசான் சாப்பாட்டுக்குப் பெயர் போனது. வார இறுதியில் கூட்டம் அலைமோதும். பதினொன்றரைக்குள் போய்விட்டால் காத்திருக்க வேண்டாம். அதே சாலையில் நெடுநாளாக நடக்கும் க்ருவா காவ் யாயும் குடும்பத்தோடு சாப்பிட ஏற்றது. பெயரில்லாத சாலையோரக் கடைகளையும் ஒதுக்காதீர்கள். வாசலில் புகையும் தணலும், உள்ளே உரல் சத்தமும், உள்ளூர் எண் பலகை போட்ட வண்டிகளும் இருந்தால் தயங்காமல் நிறுத்தலாம். கோராட் வறுத்த நூடுல்ஸ் எங்கேயாவது கண்ணில் பட்டால் அதையும் கேளுங்கள். புளிப்பும் இனிப்பும் காரமும் சமமாக ஏறிய அந்த மெல்லிய நூடுல்ஸுக்குச் சொம் தாம்தான் ஜோடி.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு நாக் நாவா பண்ணை உதவும். முஸ்லிம் குடும்பம் நடத்தும் உணவகம். மஞ்சள் சோற்றோடு கோழி வரும் காவ் மொக் கை, நம் பிரியாணியின் உறவுக்காரச் சாப்பாடு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

முட்டையும் காயும் போட்ட வறுத்த சோற்றில்கூட மீன் சாறு இருக்கும். காய் மட்டும் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டுச் சிப்பிச் சாறு ஊற்றித் தருவார்கள்; ஏமாற்றும் எண்ணத்தில் அல்ல, அவர்கள் கணக்கில் அது உப்புக்குச் சமம். கின் ஜே என்று சொன்னால்தான் இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் வேண்டாம் என்று விளங்கும்; பூண்டும் வெங்காயமும்கூடப் போட மாட்டார்கள். முட்டை, பூண்டு பரவாயில்லை என்பவர்கள் மங்சவிராத் என்று சொல்லலாம். அதோடு மை சாய் நாம் ப்லா, மீன் சாறு போடாதீர்கள், என்று சேர்த்துவிடுங்கள். நம் உச்சரிப்பு பல நேரம் அவர்களுக்குப் புரியாது. இந்த வாக்கியங்களைத் தாய் எழுத்தில் கைபேசியில் வைத்துக் காட்டுவதுதான் உறுதி.

மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கினால் அது ஜே கடை. பெரும்பாலும் காலையிலும் மதியத்திலும்தான் திறந்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவில் நகரமெங்கும் அந்தக் கொடியைப் பார்க்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காவ் யாய் தரும் பெரிய வரம் காளான். காவ் யாய் பனோரமா பண்ணையில் பலவகைக் காளான்களை வளர்க்கிறார்கள், சமைத்தும் தருகிறார்கள். இறைச்சிக்குப் பதில் காளான் போட்ட லாப் சாப்பிட்டால் ஈசான் சுவை முழுக்கக் கிடைக்கும். அங்கேயும் மீன் சாறு வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள்.

திராட்சைத் தோட்டத்தில் ஒரு நிதானமான மதியம்

பிபி வேலியில் 1989-இல் திராட்சை நட்டார்கள். பத்தாண்டு கழித்துக் கிரான்மோன்டே வந்தது. இந்த வெப்பத்தில் ஒயின் திராட்சையா என்று சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொன்ன இடங்கள் இவை. கிரான்மோன்டேயில் ஒயின் தயாரிப்பை நடத்தும் விசூதா லோஹித்னவி ஆஸ்திரேலியாவில் படித்துத் திரும்பியவர். குளிர் காலத்தின் முடிவில், ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை நடக்கும். அப்போது போனால் கொத்துகளைக் கொடியிலேயே பார்க்கலாம். கிரான்மோன்டேயின் வின்கோட்டோ, பிபி வேலியின் கிரேட் ஹார்ன்பில் கிரில் இரண்டுமே தோட்டத்தைப் பார்த்தபடி சாப்பிடும் உணவகங்கள். மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறு இருக்கிறது.

விலை சாலையோரக் கடையைப் போலப் பல மடங்கு. பட்டியலில் விலையோடு இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் பத்து சதவீதச் சேவைக் கட்டணமும் ஏழு சதவீத வரியும் தனி என்று பொருள். முன்பதிவு அவசியம். ஒயின் சுவைத்துப் பார்க்கப் போகிறவர்கள் ஓட்டுநரோடு வண்டி பிடியுங்கள். உட்சாலையில் விளக்கு குறைவு, வளைவு அதிகம்.

இரவு: ஏழு மணிக்குள் மேசையில் உட்காருங்கள்

பாக் சோங்கில் இருந்தால் கவலை இல்லை. இரவுச் சந்தையில் வாட்டிய கோழி, ஈசான் தொத்திறைச்சி, தேங்காய்ப் பால் பணியாரமான கனோம் க்ரோக், பழம், பழச்சாறு எல்லாம் கிடைக்கும். ரொக்கம் எடுத்துப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் குறியீட்டை வருடிப் பணம் செலுத்துவார்கள். வெளிநாட்டு அட்டையைச் சந்தைக் கடைகள் வாங்காது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நகரத்திலேயே ஆற்றங்கரையில் பான் மாய் சாய் நாம் என்ற உணவகம் இருக்கிறது. பழைய பொம்மை, கடிகாரம், தகரப் பலகை என்று உள்ளே ஒரு காட்சிசாலையே வைத்திருக்கிறார்கள். உணவு வரும்வரை பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும்.

தனரத் சாலையில் தங்குகிறவர்கள் பூங்காவிலிருந்து நேராக உணவகத்துக்குப் போய்விடுங்கள். அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் எட்டு மணியாகிவிடும். நடுவாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகளும் உண்டு என்பதால் விடுதி வரவேற்பறையில் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்வார்கள். வார இறுதியிலும் டிசம்பர், ஜனவரிக் குளிர் காலத்திலும் பாங்காக்கே இங்கே இறங்கிவிடும். செவ்வாய், புதன், வியாழனில் போக முடிந்தால் அதே கடைகளில் பாதிக் கூட்டம்கூட இருக்காது.

திரும்பும் வழியில் சீத்தாப்பழம்

ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு மட்டும் இது. பாக் சோங் சீத்தாப்பழத்துக்குத் தாய்லாந்து முழுக்கப் பெயர் உண்டு. சாலையோரத்தில் குவித்து வைத்திருப்பார்கள். பெட் பாக் சோங் என்ற ரகம் இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்தது: பழம் பெரிது, சதை கெட்டி, விதை குறைவு. இன்றைக்குச் சாப்பிட இரண்டும், இரண்டு நாள் கழித்துச் சாப்பிட இரண்டும் என்று சைகையில் காட்டினாலே அழுத்திப் பார்த்துப் பிரித்துத் தருவார்கள். காயாக இருப்பதைக் குளிர்பெட்டியில் வைத்தால் பழுக்காது. செய்தித்தாளில் சுற்றி வெளியில் வையுங்கள். விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோக நினைக்க வேண்டாம், தாவரத் தடைக்காப்பு விதிகள் குறுக்கே நிற்கும். பாங்காக்கிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.